மலை ஏற உன்னைக் கேட்டோம்

அன்பான நைனாவுக்கு,

நீ போன இடத்தில் கால்வலி உண்டா? எனக்கு இன்றைக்கு முழங்காலுக்குக் கீழே உயிரே இல்லை. விடுதியில் சுவரில் சாய்ந்தபடி எழுதுகிறேன்.

திருவண்ணாமலைக் காலேஜில் பி.யு.சி. சேர்ந்துவிட்டேன். அதை நீ பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். சேர்ந்தது சுலபம், சாப்பிடுவதுதான் கஷ்டம். விடுதிச் சாப்பாட்டுக்குக் கட்ட வீட்டில் வழியில்லை என்பது உனக்குத் தெரியாததா? காலேஜிலேயே ஒரு பகுதிநேர வேலை கிடைக்காவிட்டால், கீழ்பென்னாத்தூருக்குத் திரும்பிக் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்க வேண்டியதுதான்.

செருப்புத் தேய அலைந்தேன் என்பார்கள். எனக்குத் தேயச் செருப்பு ஏது? நூலகத்தில் கேட்டேன். புத்தகமே இன்னும் வந்து சேரவில்லை என்றார்கள். விடுதிச் சமையல்காரர், "பரிமாற ஆள் போட்டாச்சு தம்பி, நீ சாப்புட வேணா வா" என்று சிரித்தார். ஆபீஸ் கிளார்க் தினமும் "நாளைக்கு வாப்பா" என்றார். அந்த நாளை மட்டும் வரவே இல்லை.

கடைசியில் தாவரவியல் வாத்தியார் கூப்பிட்டார். புதுக் காலேஜ், வகுப்பில் காட்ட ஒரு செடிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் மலையில் ஏறிச் செடிகள் பறித்து வந்து, பழைய செய்தித்தாளுக்குள் அழுத்திக் காயவைக்க வேண்டும். அதற்குப் பதில் விடுதிச் சாப்பாடு. "ஏறுவ இல்ல?" என்றார். "ஏறுவேன் சார்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. உன் தலைதிவசம் இன்னும் வரவில்லையே! அப்பா இறந்த வருஷம் பிள்ளை மலை ஏறக்கூடாது. அதிலும் இது அண்ணாமலை, மலையே சாமி.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே. ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"அதெல்லாம் வேணாம்டா. வீட்டுக்கு ஆவாது. வேற வேல கெடைக்கலயா?"

"இல்லம்மா. இது இல்லன்னா படிப்ப விட்டுட்டு வந்துட்றேன்."

அம்மா அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்தாள். பிறகு, "சரி, உங்க நைனாவையே கேட்டுப் பாக்கலாம்" என்றாள்.

உன் படம் நம் வீட்டில் ஏது? உன் துண்டை மடித்து வைத்து, அதன் முன்னால் விளக்கேற்றினாள். புறக்கடைக்குப் போய்ப் பூவரச இலையில் இரண்டு பொட்டலம் மடித்துக்கொண்டு வந்து வைத்தாள். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, மற்றதில் சிவப்பு அரளி என்றாள். வெள்ளை வந்தால் உனக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் என் படிப்பு அதோடு சரி. ஒன்றை எடுத்துப் பிரித்தேன். வெள்ளை.

"பாத்தியா, உங்க நைனாவே போவச் சொல்லிட்டாரு" என்றாள் அம்மா. மற்ற பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு எனக்குக் கூழ் ஊற்ற வந்தாள். குனிந்தபோது பொட்டலம் கீழே விழுந்தது. அவள் கவனிக்கவில்லை. அவள் உள்ளே போனதும் பிரித்துப் பார்த்தேன், நைனா.

அதிலும் நந்தியாவட்டைதான்.

மலை இருக்கும் திசையைக் கும்பிடாமல் ஒரு நாளும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள். எனக்காக உன் பேரில் பொய் சொல்லியிருக்கிறாள். தோஷம் ஏதும் வந்தால் தன்னோடு போகட்டும் என்று நினைத்தாளோ? எனக்கு அழுகை வந்துவிட்டது. கூழுக்குக் கடித்த பச்சை மிளகாய் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இன்றைக்குத்தான் முதல் தடவை ஏறி இறங்கினேன். வெயில், முள், ஒரே அசதி. இனி வாராவாரம் இதுதான். வழியெல்லாம் ஒரே யோசனை. நிஜமாகவே உன்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

படிப்பை நடுவில் விடமாட்டேன், நைனா. அந்த இரண்டாவது பொட்டலத்தைப் பற்றி அம்மாவிடம் ஒருநாளும் கேட்கவும் மாட்டேன். நீ மட்டும் ஒரு உதவி செய். அவள் கனவில் ஒருநாள் போய், "வெள்ளைப் பூவைக் கொடுத்தது நான்தான்" என்று சொல்லிவிடு.

உங்கள் இருவர் சம்மதத்தோடும் மலை ஏறிய
உன் மூத்த மகன்