காலி இடம்

வாயாடி,

காலையில பத்து நாற்பதுக்குச் செய்தி வந்துச்சு. காட்டுல எண்ணெய்க் கிணறு தோண்டக் கூடாதுன்னு தீர்ப்பு. உங்க குழுத் தலைவி அக்காதான் கூப்பிட்டாங்க. "தம்பி, ஜெயிச்சுட்டோம்! ஃபோனை அவகிட்ட குடு!"ன்னாங்க. சொன்ன வேகத்துல "ஐயோ, தம்பி"ன்னு அவங்களே ஃபோனை வெச்சுட்டாங்க.

ஆஸ்பத்திரியிலேருந்து உன் துணியோட நான் மட்டும் திரும்பினத அவங்களும் பாத்தவங்கதான். எனக்குக் கோபமே வரல. நேத்து நானே உன் பக்கம் திரும்பி "லைட்ட அணைடி"ன்னேன்.

கம்பெனி வரைபடத்துல அந்தக் காட்டை 'காலி இடம்'னு போட்டிருந்தாங்கல்ல? எங்க எஞ்சினியர் பாஷையில அது சாதாரண வார்த்தை. நீதான் விசாரணையில எழுந்து, "ஆந்தை குடியிருக்கு, நரி குட்டி போட்டிருக்கு. காலின்னா, வாடகைக்கு விடப் போறீங்களா சார்?"ன்னு கேட்ட. அதிகாரிங்களே சிரிச்சுட்டாங்க. இன்னிக்குத் தீர்ப்போட முதல் வரியே "இது காலி இடம் அல்ல"ன்னுதான் இருக்கு. என்ன பொம்பளடி நீ!

பக்கத்துக் காட்டுக்கும் கம்பெனி மனு போட்டிருக்காம். குழுவுக்கு வரைபடம் போட்டுத் தர நான் வரேன்னுட்டேன். வேற எதுவும் எனக்குத் தெரியாதே.

எல்லாரும் எனக்கு வாழ்த்து சொல்றாங்க. அது உனக்குச் சேர வேண்டியது. முதல்ல உன்கிட்ட சொல்லிடணும்னுதான் ஃபோனை அணைச்சு வெச்சுட்டேன்.

உன் ஆளு