எட்டு நாள் மறைத்து வைத்த ரிப்போர்ட்

அன்பு மகள் யாமினிக்கு நகரியிலிருந்து அம்மா சந்திரம்மா எழுதுவது. ஏழுமலையான் புண்ணியத்தில் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், அந்தக் கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசிவிட்டு இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையோ பேசிவிடுகிறேன், அதனால் எழுதி, பக்கத்து வீட்டு ரேகாவிடம் கொடுத்து போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

விஷயம் அந்தக் கொலஸ்ட்ரால் டெஸ்ட்தான். புரட்டாசி சனிக்கிழமை எப்படியும் ஒருபொழுது, வெறும் வயிறாகத்தான் இருப்பேன், மலைக்குப் போய்விட்டு இறங்கும்போது திருப்பதியிலேயே ரத்தம் கொடுத்துவிடலாம் என்று ரேகாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஏதாவது சாப்பிட்டீர்களா என்று லேபில் இருந்த பெண் தெலுங்கில் கேட்டாள், ஒன்றும் இல்லை என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ட்ரைகிளிசரைட்ஸ் என்கிற கொழுப்பு முந்நூற்றுப் பன்னிரண்டு என்று வந்தது. உனக்குப் படித்துக் காட்டினேன், உன்னைப் பெற்ற நைனாவுக்கு நெஞ்சுவலி வந்ததை நினைத்து நீ அழுதாய், இருபதாம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டாய். புது வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, லீவுக்கு யார் யாரிடம் கெஞ்சினாயோ.

அப்புறம் டாக்டரிடம் போனபோது அவர் துருவித் துருவிக் கேட்க, ரேகா வாயைத் திறந்துவிட்டாள், ரெண்டு லட்டு துன்னாங்க சார், ஒரு தொன்னை பொங்கலும் துன்னாங்க என்று. பிரசாதம் துன்னா அது சாப்பாட்டுல சேருமா சார் என்று நான் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, நமக்குத்தாம்மா அது பிரசாதம், ரத்தத்துக்கு நெய்யும் சக்கரையும்தான் என்றார். பன்னிரண்டு மணி நேரம் வெறும் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு மறுபடி கொடுத்தேன். நூற்று அறுபத்தெட்டுதான், இதற்குப் போய் யாரும் பயப்பட வேண்டாம் என்றார்.

அதற்காக நான் முழுக்கத் தப்பித்துவிடவில்லை. எல்டிஎல் நூற்று நாற்பத்தாறு, அது கெட்டது, குறைய வேண்டுமாம். எச்டிஎல் முப்பத்தெட்டு. எதுவும் குறைந்தால் நல்லதுதானே என்று அந்த முப்பத்தெட்டைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், என் புத்தியைப் பார். அதுதான் நல்லதாம், பெண்களுக்கு ஐம்பதாவது இருக்க வேண்டுமாம். கெட்டது கொழுப்பைக் கொண்டுபோய் ரத்தக்குழாயில் ஒட்ட வைக்குமாம், நல்லது அதை அள்ளி ஈரலுக்குத் திருப்பி அனுப்புமாம். ஆக என் உடம்பில் குப்பை கொட்ட ஆள் இருக்கிறது, கூட்டத்தான் ஆள் பற்றவில்லை. தினம் அரை மணி நடங்க, எண்ணெய்ப் பலகாரத்த விடுங்க, மூணு மாசம் கழிச்சுப் பாப்போம் என்றார். வீட்டில் யார் சமைப்பது என்றும் கேட்டார். நான்தான் என்றேன், அது பொய். உன் நைனா போன பிறகு ஒருத்திக்காக உலை வைக்க மனசு வருவதில்லை, ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் நாலு போண்டா வாங்கிவந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன்.

இன்னொரு பொய்யும் இருக்கிறது யாமினி. இரண்டாவது ரிப்போர்ட் வந்து எட்டு நாள் ஆகிறது, அதை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன். பயப்படாதே அம்மா, இருபதாம் தேதி வந்துவிடுவேன் என்று நீ தினமும் சொல்வதைக் கேட்கக் கேட்க இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று இருந்துவிட்டேன். தனியாக இருப்பது எனக்குத் தாங்கவில்லை, அதற்காகப் பெற்ற பெண்ணைப் பயமுறுத்தி வரவழைப்பது தப்பு. இரண்டு ரிப்போர்ட்டையும் இதோடு அனுப்பச் சொல்லியிருக்கிறேன், பார்த்துவிட்டு டிக்கெட்டை என்ன செய்வது என்று நீயே முடிவு பண்ணு. வராவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன். அழுவேன், அது வேறு.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். உன் நைனாவின் ரத்தம்தானே உனக்கும், மறக்காமல் நீயும் அந்த டெஸ்டை எடுத்துக்கொள். மலையிலிருந்து உனக்கென்று ஒரு லட்டு எடுத்துவைத்திருந்தேன். இருபதாம் தேதி வரை தாங்குமா என்று தினமும் டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதம் எழுத உட்காரும் முன்னால் அதை ரேகாவிடம் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சந்திரம்மா