ஏரி காத்தான் என்னும் பட்டம் உரியவரிடம் திரும்பிய ஓலை

நலம் பெருகுக. நீர் கரைக்குள் நிற்க. நெல் களத்தில் நிறைக.

கழிமுக நாட்டுத் துறைக்காவலர், அலையின் போக்கறிந்து கலம் விடுப்பவர், மருதவாய் அரசகுலத்து இளையவர் வேள் நன்னாகனார் திருமுன் வைத்துக் காண்க. தங்களுக்குப் புகல் தந்த கழிமுக நாட்டு மன்னர் நீடு வாழ்க. அந்நாட்டுக் கழிகளில் மீனும் பாத்திகளில் உப்பும் குறையாது விளைக. மருதவாய் அரண்மனையில் ஓலை எழுதும் அழிசி சாத்தன், தங்கள் தமையனார் பெருஞ்சேந்த மன்னரின் சொல் கேட்டு, ஊமைக்குன்றத்தின் அடிவாரத்தில் அமர்ந்து எழுதிய ஓலை இது.

மன்னர் உயிரோடும் உடல்நலத்தோடும் உள்ளார் என்பதை முதலில் சொல்லிவிடுவது முறை. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் இங்கிருந்து வரும் ஓலையைக் கண்டதும் தாங்கள் அவர் உயிருக்கே அஞ்சக்கூடும். ஆயினும் முப்பது நாளாக மருதவாயின் அரியணை வெறுமையாக இருக்கிறது. மன்னர் ஊமைக்குன்றத்தில், பெயர் இறக்கும் குகையில் இருக்கிறார். அவர் வெளியே வருவது இனித் தங்கள் கையில் இருக்கிறது.

அரசியார் மறைந்த நாள் முதல் மன்னர் தனியர் ஆனார். அவையில் நானூறு பேர் சூழ இருந்தும் அவரோடு பேசுவார் ஒருவரும் இல்லை. பட்டங்களைச் சொல்லி வாழ்த்துவார் மட்டுமே இருந்தனர். துயில் எழுந்தால் வாழ்த்து, உண்ண அமர்ந்தால் வாழ்த்து, நீராடி வந்தால் அதற்கும் ஒரு வாழ்த்து. ஒருநாள் மன்னர் தும்மினார். அதற்கும் இருபத்தொரு பட்டங்களும் வரிசை தவறாமல் முழங்கப்பட்டன. அவர் கண்களை மூடிக்கொண்டு அது முடியும்வரை காத்திருந்தார். மறுநாளே, தாம் யோகத்தில் அமரப் போவதாகவும், தாம் யாரென்று அறியாமல் எழப்போவதில்லை என்றும் அவைக்கு அறிவித்தார்.

அக்குகையின் வழக்கம் தங்களுக்கு மறந்திருக்கலாம். உள்ளே செல்பவர் தம் பட்டங்களைத் தனித்தனி ஏடுகளில் எழுதிக் கொண்டுசெல்ல வேண்டும். நாள்தோறும் விடியலில் ஓர் ஏட்டைக் கதவின் கீழ்ச் சந்து வழியே வெளியே தள்ள வேண்டும். வாயில் காப்பவள் அதை எடுத்துவைத்து, “உள்ள யாரு?” என்று கேட்பாள். விடை சொல்ல வேண்டியதில்லை. அக்கேள்வியோடு அன்று முழுதும் மூச்சைக் கவனித்து அமர்ந்திருக்க வேண்டும். ஏடுகள் எல்லாம் வெளியே வந்தபின்தான் கதவு திறக்கும். இப்போது வாயில் காப்பவள் கொற்றி என்பாள். பகலெல்லாம் கூடை முடைபவள். அரசனென்றும் ஆண்டியென்றும் வேறுபாடு அறியாதவள்.

யோகத்துக்குப் படிகள் எட்டு. பொய்யாமையும் பிறர்க்குத் தீங்கு செய்யாமையும் முதற்படியிலேயே இருக்கின்றன. இருக்கையும் மூச்சும் அதற்குப் பின்னரே. மன்னரோ முதற்படியைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு, நேரே மூச்சுக்குப் போய்விட்டார். வேந்தர் வாயிலிருந்து வந்ததெல்லாம் மெய் என்று எழுதிக்கொள்ளும் நாட்டில், வேந்தருக்குப் பொய்யாமையைச் சொல்லித் தருவது யார்? சொல்லக் கடமைப்பட்டவன் இவ்வோலை எழுதுவோனே. அவன் வாயைத் திறக்கவில்லை.

முதற் சில நாட்கள் எளிதாகக் கழிந்தன. ‘பகைவர் அஞ்சும் புலியேறு’ என்ற ஏட்டைத் தள்ளியபோது மன்னர் தமக்குத்தாமே சிரித்துக்கொண்டாராம். ‘மும்மலைக் கோமான்’ போனது, ‘கலைக்கடல்’ போனது. பத்தாம் நாளுக்குப் பின் சிரிப்பு நின்றது. கூப்பிடுவதற்கு ஒரு பெயரும் இல்லாத, கூப்பிடுவார் ஒருவரும் இல்லாத ஓர் ஐம்பது வயது மனிதர் கல்தரையில் அமர்ந்திருந்தார். அவ்வளவு தனிமையைத் தாம் எங்கும் கண்டதில்லை என்று மன்னர் சொன்னார். வாய்விட்டு அழுததாகவும் சொன்னார். பின்னர் ஒரு பகலில், மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பார்த்திருந்தபோது, அத்தனிமையும் அவ்வாறே வந்துபோவதை அவர் கண்டார். அதைப் பார்த்துக்கொண்டு உள்ளே ஒன்று அசையாமல் இருந்தது. அதற்குப் பெயர் இல்லை, அழுகையும் இல்லை. அன்று மட்டும் அவர் நன்றாக உறங்கினார்.

இருபத்தோராம் நாள் வந்தது. கடைசியாகக் கையில் இருந்த ஏடு ‘ஏரி காத்தான்’.

அதை வெளியே தள்ளினார். தள்ளிய கையே அதை உள்ளே இழுத்துக்கொண்டது. மறுநாளும் அவ்வாறே. தமக்கு மிகவும் பிடித்த பட்டம் என்பதால் மனம் விட மறுக்கிறது என்று மன்னர் எண்ணி, உண்ணாமல் இருந்து பார்த்தார், மூச்சை அடக்கிப் பார்த்தார். கண்ணை மூடினால் ஏரிக்கரைதான் வந்தது. ஒன்பது நாட்கள் இவ்வாறு போயின. ஒன்பதாம் நாள் கொற்றி சொன்ன சொல்லை, ஓலைக்குத் தக்கவாறு திருத்தாமல், மன்னருக்கு அறிவித்தே, அவள் வாய்மொழியாகவே எழுதுகிறான் இவ்வோலை எழுதுவோன்: “உன்னோடதா இருந்தா இந்நேரம் எறக்கி வச்சிருப்ப சாமி. அடுத்தவனோடது போல இருக்கு. அவங்கிட்டயே குடுத்துடு.”

பிறகு மன்னர் இவ்வோலை எழுதுவோனை அழைக்கச் சொன்னார்.

அவர் கதவுக்கு அப்பால் இருந்து சொன்னது தாங்கள் அறிந்ததே. ஆயினும் அவர் வாயால் தாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், அந்த ஐப்பசி மழையில், வெள்ளலை ஏரி நிறைந்தபோதே மதகைத் திறக்குமாறு தாங்கள் மூன்று நாள் மன்றாடினீர்கள். தெப்ப விழாவுக்கு நீர் வேண்டும் என்று தடுத்தவர் மன்னர். கரை பிளக்கத் தொடங்கியபோது, ஆணையை மீறித் தென்மதகைத் திறந்து ஏரியையும் ஊரையும் காத்தவர் தாங்கள். பெருகிப் பாய்ந்த நீரில், மதகின் கீழிருந்த சிற்றூரான தாழைப்பள்ளம் அழிந்தது. மூன்று நாள் முன்பே திறந்திருந்தால் அங்கே ஒரு கன்றும் இறந்திராது. அவையில், தம்பி மனம்போன போக்கில் மதகைத் திறந்தான் என்றும், கரையைக் காத்தவர் தாமே என்றும் மன்னர் சொன்னார். தாங்கள் அண்ணனின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு நாடு நீங்கினீர்கள். அந்தப் பார்வையைத்தான் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பட்டங்களை அடுக்கி மறைத்துவைத்ததாக மன்னர் சொன்னார்.

அன்று கரையில் இவ்வோலை எழுதுவோனும் நின்றான், எல்லாவற்றையும் கண்டான். ‘ஏரி காத்தான்’ என்று அழகாகத் தொடுத்துக் கொடுத்தவனும் அவனே. அவன் இன்றுவரை நிம்மதியாக இருந்தான் என்று தாங்கள் எண்ண வேண்டா.

நேற்று ஏரிக்கரையிலும் தாழைப்பள்ளத்திலும் முரசறைந்து, நிகழ்ந்தது முழுதும் மன்னர் சொன்னபடியே அறிவிக்கப்பட்டது. தாழைப்பள்ளத்தார் வாழ்த்தவில்லை, கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அது அவர்கள் உரிமை என்றார் மன்னர்.

அந்த ஏடு இவ்வோலையோடு கோத்து அனுப்பப்படுகிறது. அது தங்களுடையது, வைத்துக்கொள்ளலாம், அடுப்பில் இடலாம். தங்களுக்கு ஆணையிடும் உரிமை தமக்கில்லை என்று மன்னர் இருமுறை சொன்னார். ஆகவே ஆணை எல்லைக் காவலருக்கு மட்டும்: நன்னாகனார் வரும் நாள் எதுவாயினும் வாயில் திறந்திருக்க வேண்டும், காரணம் கேட்கலாகாது, வரவு தடுக்கலாகாது. முத்திரை மோதிரத்தையும் மற்ற ஏடுகளோடு மன்னர் துறந்துவிட்டதால், கதவின் கீழ்ச் சந்து வழியே நீட்டிய அவர் பெருவிரலை ஏரிக்கரை மண்ணில் பதித்து இவ்வோலை கட்டப்பட்டது.

எழுதி முடிக்கும் முன் இன்னும் ஒன்று. இன்று விடியலில் வெளியே தள்ள மன்னரிடம் ஏடு இல்லை. கொற்றி கதவருகே வந்து, வழக்கம்போல் “உள்ள யாரு?” என்று கேட்டாள். முப்பது நாளில் முதன்முறையாக மன்னர் விடை சொன்னார்: “நன்னாகனுக்கு அண்ணன்.”

கொற்றி தாழில் வைத்த கையை எடுத்துவிட்டாள். “அத நீ சொன்னா எப்படி சாமி? அந்தத் தம்பி வந்து சொல்லட்டும்” என்று கூடை முடையப் போய்விட்டாள். மன்னர் அது சரி என்றார். கதவு இன்னும் சாத்தியே இருக்கிறது.