சர்க்கரைக்குக் கீழே இருந்த வரி

மச்சான்,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். எதிர்வீட்டுப் பெண்ணிடம் ஆறு மாதமாக எழுத்துப் படிக்கிறேன். இந்த ஒரு தாளுக்கே காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது.

உன்னைப்போல எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது. மேசைமேல் என் ரத்தப் பரிசோதனைச் சீட்டு கிடக்கிறது. மத்திகிரி மருத்துவ முகாமில் கொடுத்தது, எல்லாம் தமிழில். அதைப் பார்த்ததும் உன் நினைப்பு.

அன்றைக்கு உன் சீட்டை ஃபவுண்டரி வாசல் டீக்கடைக்காரரிடம் நீட்டினோம். படிக்கத் தெரியாத நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தானே செய்வோம்.

"சக்கர எவ்ளோண்ணா?"

"போன தடவைக்கு கம்மிதான்."

"பாத்தியா மச்சான், நீதான் எனக்கு இப்பவே பாடை கட்டுன" என்று, பயந்துகொண்டிருந்த என்னைக் கிண்டலடித்துவிட்டு, கடையில் வாங்கிய ரெண்டு ஒப்பட்டுப் போளியையும் நீயே தின்றாய். பூட்ஸுக்குள் உன் கால் சீழ் பிடித்துக்கொண்டிருந்தது. மரத்துப்போன காலில் வலி தெரியவில்லை. பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் விஷம் உடம்பெல்லாம் ஏறி, நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

அந்தச் சீட்டைத் தங்கச்சி பத்திரமாக வைத்திருக்கிறாள். எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் அதை வாங்கிப் படித்தேன். சர்க்கரைக்குக் கீழே 'வெள்ளை அணுக்கள்' என்று ஒரு வரி. இருக்கவேண்டிய அளவைப் பக்கத்திலேயே அச்சடித்திருந்தார்கள். உன்னுடையது அதற்கு வெகுமேலே இருந்தது. டீக்கடைக்காரர்மேல் குற்றமில்லை. நாம் கேட்டதை அவர் படித்தார்.

அதனால் என் சீட்டு வந்தபோது முதலில் கீழ்வரிக்குத்தான் போனேன். எனக்கும் கூடியிருந்தது. திரும்ப வரிசையில் நின்றேன்.

"சக்கர நல்லாத்தான இருக்கு, வீட்டுக்குப் போங்க பெரியவரே" என்றாள் நர்ஸ்.

"கீழ இருக்கறத பாரும்மா."

"படிக்கத் தெரியுமா?"

"இப்பத்தான் தெரியும்."

டாக்டரம்மா வாங்கிப் பார்த்தார். "உள்ள எங்கயோ புண்ணோ வீக்கமோ இருக்கு, அதோட சண்டை போடத்தான் இந்த அணுங்க பெருகியிருக்கு. சக்கரக்காரங்களுக்கு வலி சொல்லாது, நாமதான் தேடணும்" என்று செருப்பைக் கழற்றச் சொன்னார். சுண்டுவிரல் இடுக்கில் சீழ். கழுவிக் கட்டி மருந்து கொடுத்தார். இப்போது ஆறிவிட்டது. கால் தப்பியது, மச்சான்.

வருகிற வாரம் மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். கீழ்வரி இறங்கியிருக்கும். அதை நானே படித்து உனக்கு எழுதுகிறேன்.

ஷிப்டு விட்டு வருகிறவர்கள் இப்போது என்னிடம்தான் சீட்டை நீட்டுகிறார்கள்.

"சக்கர எவ்ளோ தாத்தா?"

"சொல்றேன். மொதல்ல பூட்ஸக் கழட்டு."