விக்ஸ்பர்க் விழுந்த செய்தி

அரபெல்லா அம்மாவுக்கு,

திரும்பி வந்துவிடச் சொல்லி எழுதியிருந்தீர்கள். விடுதலையான அடிமைகளுக்கான பள்ளியில் எழுத்துக் கற்றேன். பதிலை நானே எழுதுகிறேன்.

பள்ளியில் பழைய செய்தித்தாள்கள் இருக்கின்றன. ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து மூன்று ஜூலையில் விக்ஸ்பர்க் கோட்டை, எங்களை விடுவிக்க வந்த வடக்குப் படையிடம் விழுந்ததை நேற்று எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

அந்த வாரம்தான் என் கணவன் ஐசம் அந்தப் படையிடம் தப்பிப் போனான். "நீயும் பின்னாலயே வந்துடு" என்று சொல்லிவிட்டுப் போனான். என் அம்மாவின் பால் குடித்து வளர்ந்தவர் என்பதால் உங்களிடம் மட்டும் அதைச் சொன்னேன். நீங்கள் அன்றைய செய்தித்தாளைப் பிரித்து, எழுத்துத் தெரியாத எனக்கு வாசித்துக் காட்டினீர்கள்.

"வடக்கத்தியான் தோத்து ஓடுறான்டி. அவன்கிட்ட போன உங்க ஆளுங்களையெல்லாம் கியூபாவுக்கு வித்துட்டானாம். நீ எங்கயும் போயிடாத."

நான் அழுதபோது தலையைத் தடவிக் கொடுத்தீர்கள். அடுத்த வாரமே என்னை டெக்சாஸுக்குக் கொண்டுபோய், இன்னும் இரண்டு ஆண்டு அடிமையாக வைத்திருந்தீர்கள்.

போன மாதம் ஐசமின் படைத்தோழர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவனைப் புதைத்தபோது எடுத்துவைத்த தொப்பியைக் கொடுத்தார். ஐசம் ஆறு நாள் ஆற்றங்கரையிலேயே நின்றானாம். பட்டாளம் புறப்பட்டபோதும், "இன்னும் ஒரு நாள் பொறுங்க, அவ வந்துடுவா" என்று கெஞ்சினானாம்.

நான் வர மாட்டேன்.

இப்படிக்கு,
உங்களை நம்பியவள்