தன் அணுவையே தின்ற அணு

போன வாரம் கண்டி டவுனில் ஒரு லெப்பில் ரத்தம் எடுக்க நம் மகளின் கையில் ஸ்பிரிட் தடவினார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் உட்கார்ந்திருந்த கதிரையின் பிடியை இறுக்கிக்கொண்டேன். கொஞ்ச நாளாக அவளுக்கு விரல் மூட்டுகளில் வலி. உனக்கும் அப்படித்தானே தொடங்கியது.

நீ வேலை செய்த லெப்பிலும் இதே வாடைதான். நமக்குக் கல்யாணமான புதிதில் உன் நெஞ்சில் நீர் கோத்தது. காசநோய் என்றே எல்லோரும் நினைத்தோம். உறிஞ்சி எடுத்த நீரைப் பரிசோதித்த டொக்டர், கூட வேலை செய்கிறவள் என்பதால் உன்னையே அழைத்து மைக்ரோஸ்கோப்பில் காட்டினார். வெளியே காத்திருந்த என்னிடம் வந்து சொன்னாய்:

"வெள்ளை அணு ஒன்னு வயிறு முட்டத் தின்னுட்டு வீங்கிக் கெடக்குங்க. தின்னது கிருமிய இல்ல. என்னோட இன்னொரு அணுவோட உட்கருவ."

லூபஸ் என்ற பெயரை அன்றுதான் கேட்டேன். நோயைத் தடுக்க வேண்டிய அணுக்களே புத்தி மாறி, சொந்த மூட்டுகளையும் சிறுநீரகத்தையும் அந்நியமென்று எண்ணித் தாக்கும் என்று நீதான் விளக்கினாய். குரல் நடுங்கவில்லை. தண்ணீர்ப் போத்தலைத் திறக்கத்தான் உன் விரல்களால் முடியவில்லை.

மாத்திரையில் நோய் அடங்கியது. டொக்டர் சரி என்று சொன்ன பிறகே நீ உண்டானாய். மடுல்கெல்லயிலிருந்து உன் அம்மா வந்து கண்டி மஹய்யாவவில் நம் வீட்டில் தங்கினார். மாத்திரை டப்பாவைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"இத்தன மாத்திரையா? புள்ள ஊனமாப் பொறக்கும்டி. இன்னையோட நிப்பாட்டு."

"நிப்பாட்டினா அந்த அணு மறுபடி கெளம்பும்மா. என்னையும் அடிக்கும், புள்ளையையும் அடிக்கும். டொக்டர் யோசிச்சுத்தான் குடுத்திருக்காரு."

மறுநாள் டப்பாவைக் காணவில்லை. அம்மாதான் எங்கோ ஒளித்துவிட்டார். நீ செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க, கிளினிக்குக்குப் போறோம்" என்றாய். அங்கே வாங்கிய புது மாத்திரைகளை உன் கைப்பையிலேயே வைத்து வேளை தவறாமல் விழுங்கினாய்.

உன் அணுக்கள் உண்டாக்கிய எதிர்ப்பொருள் பிள்ளையின் இதயத்துடிப்பை மந்தமாக்கலாம் என்று டொக்டர் எச்சரித்திருந்தார். ஒவ்வொரு கிளினிக்கிலும் அந்தத் துடிப்பு கேட்கும்வரை நீ மூச்சை அடக்கிப் படுத்திருப்பாய். நான் உன் கால்மாட்டில் நிற்பேன். கடைசியில் உனக்குப் பிரஷர் ஏறி, மாதம் நிறையும் முன்பே ஒபரேஷன் செய்தார்கள். "பொம்பளப் புள்ள. ஹார்ட் நல்லா அடிக்குது" என்று நர்ஸ் மிஸ்ஸி வந்து சொன்னதும், உன் அம்மா தரையிலேயே உட்கார்ந்து அழுதார்.

நோய் தாக்கியிருந்த உன் சிறுநீரகம் அதன்பின் தேறவில்லை. அணுக்களை அடக்க மருந்தைக் கூட்டினார்கள். அடங்கிப்போன அணுக்களால் ஒரு நிமோனியாவை எதிர்க்க முடியவில்லை. நீ எங்களை விட்டுப் போனபோதுதான் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள்.

இன்று ரிப்போர்ட் வந்தது. டொக்டர் அதைப் புரட்டி முடிக்கும்வரை மகளும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"லூபஸுக்கு அறிகுறி ஒன்னும் இல்ல. வலி கூடினா மட்டும் வாங்க" என்றார்.

படியிறங்கும்போது அவள் நின்றுவிட்டாள்.

"அப்பா, என்னைப் பெத்துக்காம இருந்திருந்தா அம்மா இன்னும் இருந்திருப்பாங்களா?"

"இல்லம்மா. நீ வர்றதுக்கு முன்னுக்கே அது கிட்னியத் தொட்டிருச்சு" என்றேன், யோசிக்காமல்.

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. நீ போன நாளிலிருந்து நானும் அதே கேள்வியோடுதான் இருக்கிறேன். எந்த டொக்டரிடமும் கேட்டதில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கிப் போனாள். அந்தக் கேள்வி என்னிடமே இருக்கட்டும். அவளுக்கு வேண்டாம்.