அரிசிக்கு எதிர் ஆசனம்

மே 18, ஞாயிறு. மிச்சம், லண்டன்.

மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை; இந்த வெள்ளைத்தாளிடம்தான் போலிருக்கிறது. எழுதிவைக்கிற அளவுக்கு என் நாட்களில் ஒன்றும் நடப்பதில்லை. கவுன்சிலில் மரங்கள் பிரிவில் வேலை. 'எங்கள் வாசல் மரம் இலை கொட்டுகிறது, வெட்டுங்கள்' என்று வருகிற மின்னஞ்சல்களுக்கு, மரம் என்றால் கொட்டும் என்று பணிவாகப் பதில் எழுதுவது. இதை யார் வாசிப்பார்கள்? ஆனால் இன்றைக்கு நான் செய்த வேலையைச் சொல்ல ஆள் வேண்டும். என் கணவர் டெனுசன் என்னோடு கதைக்கிறார் இல்லை.

கலியாணம் முடித்து எட்டு மாதமாக மாமி (டெனுசனின் அம்மா) வீட்டில் இருக்கிறோம். வரும் மாதம் மூன்று கிழமை லீவு. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே இருக்கிற ஒரு பெரிய வான் வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, நோர்வேயின் வடக்கு அந்தம் வரை போகிறோம். யோசனை என்னுடையது. பல்கலைக்கழகத்தில் கடைசி வருட ஆய்வுக்கு, வடக்கே போகப்போக மரங்கள் எங்கே முடிகின்றன என்று எழுதினேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். டூட்டிங் கடையில் அப்பா எல்லோரிடமும், "மகள் மரம் படிக்கிறா" என்று சொல்லுவார். பைன் மரம் கட்டையாகி, பிறகு பேர்ச் மரமாகி, அந்தப் பேர்ச்சும் இடுப்பளவாகி, பிறகு ஒன்றுமில்லாமல் போகும் என்று நாற்பது பக்கம். அத்தனையும் நூலகத்தில் இருந்தபடி. ஒருநாளாவது அது எனக்கு எதிரே வருவதைப் பார்க்கவேண்டும் என்று ஆசை.

இன்று மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து சாப்பிடும்போது மாமி கேட்டார். "அதுக்குள்ள எத்தினை பேர் படுக்கலாம்?"

"நாலு பேர்," என்றார் டெனுசன், சூது தெரியாமல்.

ஒருவரும் பேசவில்லை. எனக்கு அந்த மௌனம் தாங்காது. "நீங்களும் வாங்கோவன், மாமி," என்றேன்.

இது, சப்பாத்துப் போட்டு வாசலில் நிற்கிறவரைப் பார்த்து 'சாப்பிட்டிட்டுப் போங்கோவன்' என்பது மாதிரி. அவர் 'ஐயோ வேண்டாம்' என்பார். நாங்கள் இன்னும் இரண்டு தரம் கேட்போம், அவர் இன்னும் இரண்டு தரம் மறுப்பார், எல்லோருக்கும் மனம் நிறையும்.

மாமி கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஓம்," என்றார். "வாறன்."

மே 19

டெனுசன் வாய் திறந்தார்.

"ஆர் உம்மைக் கேக்கச் சொன்னது?"

"மரியாதைக்குக் கேட்டனான்."

"அவவுக்கு மரியாதை வேண்டாமாம். வான் வேணுமாம்."

ஜூன் 13, வெள்ளி. அந்தோனியார் திருநாள்.

வான் வந்துவிட்டது. எங்கள் வீட்டை விட நீளம் போலிருக்கிறது. பங்குச் சுவாமியார் வந்து, சுற்றிவர நடந்து, தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்தார். கழிப்பறைக் கதவையும் திறக்கச் சொன்னார் மாமி. "அதையும் தெளியுங்கோ ஃபாதர். கக்கூஸைப் பெட்டியில அடைச்சுத் தூக்கிக்கொண்டு போறம், வழியில ஒண்டும் நடக்கக்கூடாது."

சுவாமியார் முகத்தை அசைக்காமல் தெளித்தார். முன்கண்ணாடிக்குக் கீழே அந்தோனியார் சுரூபத்தை ஒட்டியாயிற்று.

ஜூன் 14, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். யாரையும் குறை சொல்ல முடியாது.

வானின் முன்னுக்கு இரண்டே ஆசனங்கள். ஒன்று டெனுசனுக்கு. மற்றதன் கதவை மாமி திறந்து பிடித்துக்கொண்டு, "நீ ஏறு பிள்ளை," என்றார்.

"இல்லை மாமி, நீங்கள் இருங்கோ."

"நீ இரு, பரவாயில்லை."

"ஐயோ, நீங்கள் முன்னுக்கு இருந்தாத்தான் எங்களுக்குச் சந்தோசம்."

"எனக்குப் பின்னுக்கும் நல்லம்தான்..."

"இல்லவே இல்லை!"

வென்றுவிட்டேன். வென்று, பின்னுக்கு வந்து இருந்தேன்.

பின்னுக்கும் இரண்டு ஆசனங்கள், நடுவில் மேசை. ஒன்று முன்பக்கம் பார்த்தது, மற்றது பின்பக்கம் பார்த்தது. முன்பக்கம் பார்த்ததில் அரிசி மூட்டை இருக்கிறது. அதன் மடியில் ரைஸ் குக்கர். டெனுசன் இரண்டுக்கும் சேர்த்து பெல்ட் போட்டிருந்தார்.

"அரிசியை இஞ்சாலை மாத்தினா என்ன?"

"பிறேக் அடிச்சா அரிசி உருண்டு கொட்டுப்படும். நீர் கொட்டுப்படமாட்டீர்தானே?"

ஆக, நான் உலகத்தின் வடக்கு அந்தத்துக்குப் பின்பக்கமாகப் போகிறேன். முகம் மிச்சத்தைப் பார்த்தபடி.

மரங்கள் முடிவதற்குள் அந்த முன் ஆசனம் எனக்கு வேண்டும். ஒரே ஒரு வசனம். 'மாமி, நான் ஒருக்கா முன்னுக்கு இருக்கட்டே?' வழியெல்லாம் இதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. அரிசிக்கும் கேட்கவில்லை.

ஜூன் 17. சுவீடன்.

காடு. காடு. காடு. ஒவ்வொரு மரமும் போன பிறகுதான் எனக்குத் தெரிகிறது. முன்னுக்கு மாமி விடாமல் "அருள் நிறைந்த மரியாயே" சொல்லிக்கொண்டு வருகிறார். லொறி வருகிற சத்தம் கேட்டால் குரல் கூடுகிறது. எவ்வளவு பக்தி என்று நினைத்தேன்.

ஜூன் 20. பின்லாந்து.

டெனுசன் கலைமான்களைக் கண்டு கத்துவார். நான் திரும்புவதற்குள் அவை என் யன்னலுக்கு வந்துவிடும். இதுவரை பதினாறு கலைமான்களின் பின்பக்கங்களைப் பார்த்திருக்கிறேன். முகம் எப்படி என்று கேட்டால் சொல்ல ஏலாது.

பெற்றோல் அடிக்க நின்ற இடத்தில் துணிந்தேன். மாமி முகம் கழுவப் போயிருந்தார். முன்கதவைத் திறந்து, ஏறி, இருந்தேவிட்டேன். என்ன கண்ணாடி! சினிமாத் திரை மாதிரி. திரும்பி வந்த மாமி கதவடியில் நின்றார்.

"என்ன பிள்ளை?"

இதுதான் நேரம். வசனம் தயார். வாயைத் திறந்தேன்.

"அந்தோனியார்ல தூசி, மாமி. துடைக்க வந்தனான்."

"நல்ல பிள்ளை," என்றார் மாமி.

இப்போது ஒவ்வொரு முறை வான் நிற்கும்போதும் அந்தோனியாரைத் துடைப்பது என் வேலை. டெனுசனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "கேளுமன் பிறேமி. அவ உம்மைக் கடிக்கமாட்டா."

"நீங்கள் கேளுங்கோவன்."

"நான் கேட்டா, மனிசி சொல்லித்தந்து கேக்கிறான் எண்டு நினைப்பா. உம்மட சீற், நீர்தான் கேக்கவேணும்."

ஜூன் 22, ஞாயிறு. நோர்வே.

போய்விட்டது.

காலையில் கேட்பதாக இருந்தேன். இன்றைக்குத்தான் மரங்கள் முடியும் என்று வரைபடத்தில் பார்த்து வைத்திருந்தேன். மாமிக்கு நித்திரை இல்லை. சூரியன் மறையாததால், இரவுச் செபம் எப்போது சொல்வது என்று குழம்பி இரண்டு தரம் சொன்னார். ("சொல்லுங்கோ அம்மா, மாதா மணிக்கூடு பாக்கமாட்டா," என்றார் டெனுசன்.) அந்தக் களைத்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிக் கேட்பது? அடுத்த நிறுத்தத்தில் என்று விட்டேன். ஒரு வளைவில் ரைஸ் குக்கரின் மூடி கழன்று ஓட, அதைப் பிடிக்க மேசைக்குக் கீழே குனிந்தேன். நிமிர்ந்தால் வெளியே ஒரு மரமும் இல்லை. கல், பாசி, தண்ணீர்.

நாற்பது பக்கம் எழுதினனான். மூடி பொறுக்கிக்கொண்டு இருந்திட்டன். ஏன் என்னால வாய் திறக்க ஏலாது? என்ன, வைரமா கேக்கப் போறன்? ஒரு சீற்!

ஜூன் 24

வடகடலோரம், சின்ன மீன்பிடித் துறைமுகம். ஒரு பக்கம் ஆர்க்டிக் கடல், மறுபக்கம் வெறும் கல். உலகம் முடிகிற இடம், இங்கே எங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார் என்று டெனுசன் பெருமையாகச் சொன்னார். ஊருக்கிருந்த ஒரே கடையில் பச்சைமிளகாய் இல்லையென்று மாமி சத்தம் போட்டுக்கொண்டிருக்க, பாண் அடுக்குக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்:

"அக்கா, நீங்கள் எந்த இடம்?"

சுபாஸ்கரன் என்று பெயர். முப்பது வருடத்துக்கு முதல் இங்கே மீன் பதனிடும் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவராம். மாமி பேசாலை என்றார். அவருடைய மைத்துனர் பேசாலையில் பெண் எடுத்தவர். அந்தப் பெண்ணின் தகப்பனை மாமிக்குத் தெரியும். ஐந்து நிமிடத்தில் நாங்கள் சொந்தக்காரர்.

வீட்டுக்குக் கூட்டிப் போனார். கதவு திறந்ததும் மீன் பொரியல் வாசம் வந்து மோதியது. ரைஸ் குக்கருக்கு மின்சாரம் கிடைக்காமல் நாங்கள் இரண்டு நாளாக நூடில்ஸ்.

அவருடைய மனைவி யோகமலர் அக்கா, "சாப்பிடுங்கோவன்," என்றார்.

"வேண்டாம் பிள்ளை, இப்பதான் சாப்பிட்டு வாறம்," என்றார் மாமி, முறைப்படி.

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு யோகமலர் அக்கா மீன்சட்டியை மூடினார்.

மூடியே விட்டார்! மாமியின் முகத்தை நான் ஆயுளுக்கும் மறக்கமாட்டேன். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வந்தன. ஒரு மணித்தியாலம் மூடிய சட்டியைப் பார்த்துக்கொண்டு ஊர்க்கதை கதைத்தோம். டெனுசனின் வயிறு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தியது. அவர் இருமி மறைத்தார்.

வானுக்கு வந்ததும் மாமி வெடித்தார். "ரெண்டாந்தரம் கேக்கேல்லை, பாத்தியளே? என்ன பழக்கம் இது! மனிசர் ஒரு தரத்திலயா ஓம் எண்டுவினம்?"

நான் திரும்பினேன். டெனுசன் பின்காட்டும் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார். நான் அரிசியைப் பார்த்தேன்.

ஜூன் 25

புறப்படுகிற நேரம். "வானை அந்த வீட்டடிக்கு விடு தம்பி," என்றார் மாமி. இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். எதையோ மறந்துவிட்டு வந்தாராக்கும் என்று நானும் பின்னால் போனேன்.

கதவு திறந்தது. "பிள்ளை," என்றார் மாமி, "நேற்றுச் சாப்பிட்டது எண்டு சொன்னது பொய். இண்டைக்கும் பசிக்குது."

யோகமலர் அக்கா சிரித்த சிரிப்பில் வாசற்படியிலேயே இருந்துவிட்டார். "நானும் அப்பிடித்தான் அன்ரி! வந்த புதுசில இந்த நோர்வேக்காரர் கேக்கேக்க எல்லாம் வேண்டாம் வேண்டாமெண்டு சொல்லி, முதல் மாசம் முழுக்கப் பட்டினி."

குழம்பு, பொரியல், சொதி. மாமி மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார், ஒவ்வொரு தரமும் தானாகவே கேட்டு. நான் முதல் தரத்தோடு 'காணும்' என்று கையைக் கழுவினேன். எனக்குக் காணவில்லை, இன்னும் பசித்தது.

ஜூன் 28. தெற்கு நோக்கி.

மரங்கள் திரும்ப வந்தன. இன்றும் கேட்கவில்லை. ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன். தெற்கே போகும் வண்டியில் பின்பக்கம் பார்த்து இருந்தால், என் முகம் வடக்கைப் பார்க்கிறது. வடக்கே போகிறவர் முன்னால் காண்பதைத்தான் நானும் காண்கிறேன். என்ன, எல்லாம் என்னை விட்டு ஓடுகிறது. கடைசிக் குட்டை மரத்துக்கு அப்பால் வெறும் மலை, சின்னதாகிச் சின்னதாகிப் போனது. அழகாகத்தான் இருந்தது.

கேட்காமல் இருப்பதற்கு எனக்குக் காரணம் எப்போதும் கிடைத்துவிடுகிறது. பட்டம் அதற்குத் தந்திருக்கலாம்.

ஜூலை 4. மிச்சம்.

வந்து சேர்ந்தோம். அரிசி முடிந்தது. கேட்கவில்லை.

ஜூலை 5, சனி

காலையில் வானைக் குறொய்டனில் திருப்பிக் கொடுக்கவேண்டும். இருபது நிமிட ஓட்டம். மாமியும் கைப்பையோடு வெளிக்கிட்டு வந்தார். அந்தோனியாரைத் தன் கையாலேயே கழற்றவேண்டுமாம். முன்கதவைத் திறந்தார். வழக்கம்போல என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ ஏறன் பிள்ளை."

'இல்லை மாமி' என்பது வாய்நுனி வரை வந்துவிட்டது. எனக்கு அந்த மீன்சட்டியின் மூடி ஞாபகம் வந்தது.

"ஓம் மாமி," என்றேன். குரல் கீச்சிட்டது. "எனக்கு முன்னுக்கு இருக்கத்தான் விருப்பம். முதல் நாளில இருந்து."

மாமி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"கர்த்தரே! இதை மூண்டு கிழமைக்கு முதல் சொல்லியிருக்கலாமே! அங்க வலப்பக்கம் ஓடுறாங்கள், எங்கட வானோ லண்டன் வான். நான் இருந்தது நடு ரோட்டில. எதிர வாற லொறி எல்லாம் என்ர மடியில ஏற வாற மாதிரி. பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டெல்லே செபம் சொன்னனான்!"

"அப்ப ஏன் மாமி நீங்கள் சொல்லேல்லை?"

"நீ ஆசையா இருத்தினனி. உன்ர மனம் நோகும் எண்டுதான். வாங்கோவன் எண்டு மனசாரக் கேட்ட பிள்ளை நீ. உன்ர மாமா கண்ணை மூடினாப் பிறகு என்னை ஒருத்தரும் ஒரு இடத்துக்கும் வா எண்டு கேட்டதில்லை."

டெனுசன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் குலுங்கினார். சிரிக்கிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் கண்ணையும் துடைத்தார்.

வாங்கோவன் என்று ஏன் கேட்டேன் என்பதை மாமிக்கு ஒருநாளும் சொல்லமாட்டேன். இங்கே எழுதியதோடு சரி.

மாமி பின்னுக்குப் போய், அரிசி இருந்த ஆசனத்தில் கால் நீட்டி இருந்து, "ராசாத்தி மாதிரி இருக்கு," என்றார். நான் ஏறினேன். பெல்ட் போட்டேன். அந்தோனியாரில் தூசி இல்லை.

எங்கள் ஊர்த் திறந்தவெளி, மிச்சம் கொமன் வந்தது. போனது அல்ல, வந்தது. ஓக் மரங்கள் தூரத்தில் தொடங்கி, பெரிதாகி, கண்ணாடி நிறைய வந்து, இரண்டு பக்கமும் பிரிந்து வழிவிட்டன. பிறகு கட்டையான முட்பற்றைகள். பிறகு வெறும் புல். பிறகு ஒரு பெற்றோல் நிலையம், கராஜுகள், தகரக் கூரைகள். மரங்கள் முடிகிற இடம்! நேருக்கு நேர். "முடிஞ்சுது! முடிஞ்சுது!" என்று கத்திவிட்டேன். "என்ன, பெற்றோலா?" என்றார் மாமி பின்னாலிருந்து.

லொம்பார்ட் ரவுண்டபவுட் வட்டச் சந்திக்கு வந்தபோது டெனுசன் சிக்னல் போட்டார். அடுத்த திருப்பத்தில் வாடகை வான்காரரின் முற்றம். அதற்கு மேல் கேட்க நேரம் இல்லை.

"டெனு," என்றேன், "திரும்பாதேங்கோ. இன்னும் ஒரு சுத்துச் சுத்துங்கோ."